ஒரு சொல்லுக்கு ஒத்திகை

1

மாம்புரியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் ஒரு டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "பிள்ளையக் கதைக்க வெச்சிட்டன். இப்பதான் பயமா ஈக்கிது." ஒட்டுக்கேட்டவன் நான். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்; மிச்சமெல்லாம் புளுகு.

2

டீச்சருக்கு ஹஃபீலா என்று பெயர் வைக்கிறேன். மனம் நொந்த பிள்ளைகளை நடிக்கவைத்து ஆற்றுவதற்குப் பயிற்சி பெற்றவர். பிள்ளை ஸுஹைரா. அவளுடைய வாப்பா மீன்பிடிக்கப் போனார். தோணி மட்டும் கரையொதுங்கியது. அன்று கடல் கறுத்து...

(கடலை வர்ணிக்கத் தொடங்கினால் நான் நழுவப் பார்க்கிறேன் என்று அர்த்தம். விடுங்கள்.)

அன்றிலிருந்து ஸுஹைரா வாய் திறக்கவில்லை. துக்கம் என்று எழுதினேன். ஹஃபீலா அதை நம்பவில்லை.

3

கதிரைகளை ஒதுக்கிவிட்டு, வகுப்பின் குறுக்கே ஒரு பெட்ஷீட்டைக் கட்டினார்; அதற்குப் பின்னால் கடல். நாடகம், ஒரு வீட்டின் விடியற்காலை. வகுப்புத் தோழி பஸீஹாதான் வாப்பா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டாள்.

"மகள், கடலுக்குப் பெய்த்து வாறன்."

ஸுஹைரா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போங்க" என்றாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள், பேசிவிட்டாளே என்று. ஹஃபீலா மட்டும் கைதட்டவில்லை.*

"அண்டைக்கும் வாப்பாக்கு இப்பிடித்தான் சொன்னன், டீச்சர். நித்திரைல எழுப்பின கோவத்துல. வாங்கன்னு சொல்லல்ல."

* புறப்படுகிறவரிடம் "பெய்த்து வாங்க", அதாவது போய்விட்டு வாருங்கள், என்போம். "போங்க" என்று மொட்டையாகச் சொன்னால் உம்மாமார் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். அன்று அவளுடைய உம்மா குசினியில் அடுப்போடு இருந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

4

"ஒரு சொல்லால கடல் ஆள எடுக்காது, மகள்." ஹஃபீலா இப்படிச் சொல்வதாக எழுதி, அடித்துவிட்டேன். உண்மைதான். ஆனால் பிள்ளைகள் அதை நம்புவதில்லை. அவர் கேட்டது வேறு: "இன்னொருக்கா நடிப்பமா?"

இம்முறை ஸுஹைரா எழுந்து வாசல்வரை வந்தாள். "வாப்பா, பெய்த்து வாங்க."

பஸீஹா பெட்ஷீட்டுக்குப் பின்னால் போனாள். ஹஃபீலாவின் கணக்கில் நாடகம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஸுஹைரா அசையவில்லை; பெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சரியாகச் சொல்லிவிட்டாள் அல்லவா, வாப்பா திரும்பி வரத்தானே வேண்டும்?

5

முடிவு ஒன்று: பஸீஹா வருகிறாள். ஸுஹைரா சிரிக்கிறாள். நாளையிலிருந்து கரையில் போய்க் காத்திருப்பாள்.

முடிவு இரண்டு: பஸீஹா வரவில்லை. சரியாகச் சொல்லியும் வாப்பா வரவில்லை என்றால், பிழை அந்தச் சொல்லில் இல்லை. பிள்ளையின் குற்றம் போய்விடும். வாப்பாவும் போய்விடுவார்.

மூன்றாவதை எழுத முயன்றேன். ஹஃபீலா ஓடிப்போய் அவளைக்...

முடியவில்லை. பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து பஸீஹா கேட்டுவிட்டாள்: "டீச்சர், நான் வரவா, வேணாமா?"

ஹஃபீலாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீங்களே பஸீஹாவுக்குச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், ஸுஹைரா கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.