தொடையில் வந்த வட்டம்

தாதி மரினா நவரத்தினத்தின் விரல் நுனியில் ஒரு குத்துக் குத்தினாள். எட்டிப் பார்த்த ஒரு துளி இரத்தத்தைச் சின்னப் பிளாஸ்டிக் தகட்டில் விட்டாள். இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றாள். முன்பென்றால் இரத்தம் வைத்தியசாலைக்குப் போய், பதில் வர நாட்கணக்காகும். இந்தக் கிளினிக்கில் இப்போதுதான் இந்தத் தகட்டை வைத்துப் பார்க்கிறார்கள்.

அவருடைய வலது முழங்கால் தேங்காயளவுக்கு வீங்கியிருந்தது. உண்ணிக்கடியால் வந்த லைம் நோயோ என்று டாக்டருக்குச் சந்தேகம்.

கோடையில் காட்டுப் பக்கம் போனீர்களா என்று மரினா கேட்டாள். போகாமல்? மனைவி கண்மூடிய பிறகு இந்த டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டில் அவருக்கு வேறு போக்கிடம் ஏது? உடம்பில் எங்காவது சிவப்பு வட்டம் வந்ததா என்று அடுத்துக் கேட்டாள். நவரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

வந்ததுதான். ஜூன் மாதம், உள்தொடையில், உள்ளங்கை அகலத்துக்கு. படர்தாமரை என்று அவரே முடிவு கட்டினார். அந்த இடத்தை யாரிடம் போய்க் காட்டுவது? தமிழ்க் கடைக் களிம்பை வாங்கிப் பூசிக்கொண்டு வாயை மூடியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் மகள் தனுசியாவின் பிள்ளைக்குப் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு வந்தது. துடக்குக் கழித்து, சபை நிறைந்திருக்க, அவள் பிள்ளையை அவரிடம் நீட்டினாள். படர்தாமரை தொத்துமே! பச்சை உடம்பில் ஒட்டிவிட்டால்? நவரத்தினம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு பார்ப்போம் என்றார்.

தனுசியாவின் முகம் கறுத்தது. அவள் கட்டியது ஒரு டேனிஷ்காரனை.

"அவரின்ரை பிள்ளை எண்டுதானே அப்பா தொடுறியள் இல்லை?"

இத்தனை பேர் முன்னால் தொடையைப் பற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வட்டம் ஒரு மாதத்தில் மறைந்தது. மகளோ ஃபோனை எடுக்கவில்லை. இரண்டு தரம் அடித்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் வீம்பு வந்துவிட்டது. அப்படியே எட்டு மாதம் ஓடிப்போயிற்று.

தகட்டில் இரண்டு கோடுகள் தெரிந்தன; லைம் என்றுதான் காட்டியது. டாக்டர் வந்து பார்த்தார். உறுதிப்படுத்த இன்னொரு குழாய் இரத்தம் எடுக்கச் சொல்லி, நான்கு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். முழங்கால் சுகமாகும் என்றார்.

நவரத்தினம் முழங்காலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இது மற்றவர்களுக்குத் தொத்துமா என்று மட்டும் கேட்டார்.

மரினா சிரித்தாள். உண்ணி கடித்தால்தான் வரும், ஆளிடமிருந்து ஆளுக்கு வராது என்றாள். வட்டம் இருந்த நாளிலும் தொத்தியிராதா என்று மறுபடி கேட்டார். அதுவும் உண்ணிக்கடி வட்டம்தான், தொத்தியிராது என்றாள். ஏன் இந்தக் கிழவர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

வெளியே ஆலங்கட்டி மழை. காருக்குள் இருந்தபடி மகளின் நம்பரை அழுத்தினார். அவர் எதிர்பார்க்கவில்லை, தனுசியா எடுத்துவிட்டாள். தொடை, களிம்பு, தகடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அப்பா."

"வெக்கமா இருந்தது, பிள்ளை."

"இப்ப அவன் ஆள் பாக்கிறான். உங்களைத் தெரியாது. தூக்கினா கத்துவான்."

நவரத்தினம் கார்ச் சாவியைத் திருப்பினார்.

"கத்தட்டும்," என்றார். "வாறன்."