சோளகம் விழுந்த பிறகு நாலு நாள்

கொக்குவிலில் கனகலிங்கத்தின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று நாட்களாகச் சாப்பாட்டுக்கு இடமில்லை. நெடுந்தீவுப் பயணத்தின் திட்டம் அதன்மேல் விரிந்து கிடந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் படம் வரைந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். வாய்க்கால் என்றாலும் உல்லாசப் பயணம் என்றாலும் கோடு போடாமல் அவருக்குக் கை ஓடாது. மேலே நாட்களையும் பக்கத்தில் மணியையும் எழுதி, அடிமட்டம் வைத்துக் கட்டம் கீறியிருந்தார். மனைவி மீனாம்பிகை இடியப்பத் தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

"திங்கள் பின்னேரம் நாலரைக்கு என்ன, குதிரையோ?"

"ஓம், காட்டுக் குதிரையள் பாக்கிறது. அஞ்சேகாலுக்குக் கோட்டை."

"அந்தக் குதிரையள் நாலரைக்கு வந்து நிக்குமாமோ?"

கனகலிங்கம் பென்சிலைக் கூராக்கினார். பதில் இல்லாத கேள்விகளுக்கு அவர் எப்போதும் பென்சில்தான் கூராக்குவார்.

பயணம் மீனாம்பிகையின் யோசனை. ஆவணியில், சோளகக் காற்று கடலைக் கொந்தளிக்க வைத்துக்கொண்டிருந்த ஒருநாள், தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் துருவுவதை நிறுத்திவிட்டு, "சோளகம் விழுந்த பிறகு நாலு நாள் நெடுந்தீவிலை போய் நிப்பமே?" என்று கேட்டாள். கேட்ட பிறகு அவளுக்கே புதினமாக இருந்தது. கல்யாணம் கட்டிய நாற்பத்தொரு வருடத்தில் எங்கேயாவது போவோம் என்று அவள் வாய் திறந்தது கிடையாது. போக வேண்டியிருந்தால் போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

போகாதவள் என்றும் சொல்ல முடியாது. அயலில் இருவருக்கும் உலகம் சுற்றினவர்கள் என்று பெயர். மகள் தாரிகா ரொறன்ரோவில், மகன் சுபாங்கன் மெல்பேணில். ரொறன்ரோவுக்கு மூன்று தரம், மெல்பேணுக்கு இரண்டு தரம் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து பயணமும் ஐந்து பிள்ளைப்பேறு. பிள்ளை பெற்றவளுக்குக் கறி வைக்கிற சரக்குத் தூளைச் சூட்கேசில் அடைத்துக்கொண்டு போய் இறங்குவாள். இறங்கிய அன்றைக்கு அடுக்களைக்குள் போனால், ஆறு மாதம் கழித்து விமான நிலையத்துக்குப் புறப்படும்போதுதான் வெளியே வருவாள். நயாகராவை நாற்பது நிமிடம் பார்த்தாள். அதிலும் பாதி நேரம் காருக்குள் இருந்து குழந்தைக்குப் பால்மா கரைத்தாள். மெல்பேணில் நல்ல கடற்கரை இருக்கிறதென்று தினமும் நடந்துவிட்டு வந்த கனகலிங்கம் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பேரப்பிள்ளைகளைத் தூக்கியது அவளுக்குச் சந்தோஷம்தான். அதில் ஒரு பொய்யும் இல்லை. அதனாலேயே இந்தக் குறையை ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் பிள்ளைகளைப் பாரமாக நினைத்தாள் என்றாகிவிடும். அதற்கு முன்னால் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. ஆர் ஆருடைய புண்ணெல்லாமோ கழுவிய கை. அந்தக் கையை ஒருவரும் எதற்கும் கேட்காமல் நாலு நாள் இருக்க வேண்டும், அதுதான் அவள் ஆசை. கடலைப் பார்த்தபடி ஒரு யன்னல், யாரோ போட்டுக் கொண்டுவந்து தருகிற தேத்தண்ணி. அறுபத்தாறு வயதில் இது பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது. கணவனுக்கு இதை அவள் விளக்கிச் சொல்லவில்லை. இத்தனை வருடம் கூட இருந்தவருக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்தாள். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது.

நாள் பார்த்தது கனகலிங்கம். நவராத்திரி முடிய வேண்டும். தீபாவளிக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்க ஊரில் நிற்க வேண்டும். சோளகக் காற்று அடங்கி வாடைக் காற்றுத் தொடங்கும் முன்னால் கடல் படுத்துக் கிடக்கிறது இரண்டு மூன்று கிழமைதான். அதிலிருந்து எல்லாவற்றையும் கழித்துப் பார்த்ததில் திங்கள் போய் வியாழன் திரும்புகிற ஒரே ஒரு இடைவெளி மிஞ்சியது. அதைச் சிவப்புப் பேனையால் கட்டமிட்டார்.

அறையை மீனாம்பிகை தானே பிடித்தாள். நெடுந்தீவில் ஜெறோம் என்பவர் தன் வீட்டோடு சேர்த்து நாலு அறை கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு ஜெயகௌரி அவருடைய நம்பரைத் தந்திருந்தாள்.

"சாப்பாடு ஆர் சமைக்கிறது?" என்பதுதான் மீனாம்பிகையின் முதல் கேள்வி.

"என்ரை மனிசிதான், அம்மா. எல்லாம் அண்டண்டு பிடிச்ச உடன் மீன்."

"நாங்கள் ஏதும் சமைக்கோணும் எண்டால்?"

"அதுக்கு வசதி இல்லை, அம்மா. குறை நினையாதேங்கோ."

மீனாம்பிகை கொஞ்சமும் குறை நினைக்கவில்லை. அன்று பகல் முழுவதும் ஒரு பழைய பாட்டு வாயில் வந்துகொண்டிருந்தது. கனகலிங்கம் இரண்டு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

காற்று விஷயத்தில் கனகலிங்கம் எந்த இயந்திரத்தையும் நம்பமாட்டார். அவருடைய போனிலேயே கடல் நிலவரம் எல்லாம் காட்டும். ஆனாலும் அங்கே நிற்கிற ஆளைக் கேட்டால்தான் அவருக்கு நித்திரை வரும். நெடுந்தீவில் நிற்கிற ஆள் நாகேஸ்வரி, அவருடைய சித்தப்பாவின் மகள். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அங்கே கல்யாணம் கட்டிப் போனவள். புதன்கிழமை காலை மீனாம்பிகை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவளுக்குப் போனில் கோல் எடுத்து, "சோளகம் விழுந்திட்டுதோ, தங்கச்சி?" என்று கேட்டார். யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவர் தீவில் இருக்கிற சொந்தக்காரியிடம் காற்றை விசாரித்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், படகு ஏறி வரப்போகிறார். விழுந்துவிட்டது என்று சொல்ல நாகேஸ்வரிக்கு ஒரு விநாடி போதுமாக இருந்தது. மிச்சம் இருபது நிமிடமும் எங்கே படுப்பது, என்ன சாப்பிடுவது என்ற பேச்சுத்தான்.

மீனாம்பிகை திருநீறும் பூவுமாக வந்து படியேறும்போதே அவர் சொன்னார்.

"அறை தேவையில்லை, மீனா. நாகேஸ் விடமாட்டாளாம். தன்ரை வீடு இருக்கக்கை அறை எடுத்துத் தங்கினால் சனம் என்ன கதைக்கும் எண்டு கேக்கிறாள்."

"நீங்கள் ஏன் அவளுக்குச் சொன்னனீங்கள்?"

"நான் எங்கை சொன்னனான்? காத்தைத்தானே கேட்டனான்."

அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். நாகேஸ்வரியின் கணவர் நமசிவாயத்துக்குச் சீனி வருத்தத்தில் காலில் புண், ஒவ்வொரு நாளும் மருந்து கட்ட வேண்டுமாம். "மச்சாள் வந்தால் வடிவாப் பாப்பா எண்டு சொன்னவள். பக்கத்து வளவிலையும் ரெண்டு மூண்டு பேர் பிறசர் பாக்க நிக்கினமாம். உம்மடை மெசினையும் கொண்டு வரட்டாம்."

மேசைத் தாளில் திருத்தம் முடிந்திருந்தது. செவ்வாய் காலை எட்டு மணிக் கட்டத்துக்குள் 'மீனா – நமசிவாயம் கால்' என்று முத்து முத்தான எழுத்து. எட்டரைக்குப் 'பிறசர்'. புதனும் அப்படியே. குதிரையும் கோட்டையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றுக்கு நேரே கனகலிங்கம் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தார்.

பின்னேரம் ஜெயகௌரி ஒரு பொதியோடு வந்தாள். நெடுந்தீவில் இருக்கிற தமக்கைக்கு இரண்டு கிலோ மிளகாய்த் தூளும் ஒரு சாறியும். "எப்பிடியும் போறனீங்கள்தானே, அன்ரி," என்றாள். மீனாம்பிகை வாங்கி மூலையில் வைத்தாள். அந்தப் பொதியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் வந்தது. ஜெயகௌரி மேலுமல்ல, நாகேஸ்வரி மேலும் அவ்வளவாக இல்லை. நாலு நாளையும் ஒரு காலைப் பொழுதில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனிதர் மேல்தான்.

வியாழன் காலை தேத்தண்ணியை அவர் முன்னால், தாளின் மேலேயே வைத்தாள். கோப்பையின் வட்டம் செவ்வாய்க்கிழமையில் பதிந்தது.

"அஞ்சு தரம் பிளேன் ஏறிப் போனனான். நான் என்ன பாத்தனான், சொல்லுங்கோ."

கனகலிங்கம் யோசித்தார். "நயாகரா."

"வேறை?"

 மெல்பேணைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, அது தான் பார்த்தது என்று அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நயாகரா," என்று இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னார்.

"நான் சும்மா இருக்கத்தான் நெடுந்தீவுக்குப் போறன் எண்டனான். அங்கையும் புண் கழுவிறதெண்டால் இஞ்சையே கழுவுவன். படகு ஏறத் தேவையில்லை."

"நீர் இதை முதலே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்," என்று அவளும் ஒத்துக்கொண்டாள். "இப்ப சொல்லுறன்."

அவர் கோப்பையைத் தாளிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "அப்ப பயணத்தை விடுவமோ?" என்றார். அவள் மனம் அடியோடு விழுந்தது. அவர் அதைக் கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் மரியாதையான வழி என்று உண்மையாகவே நினைத்தார். தீவுக்குப் போய் நாகேஸ்வரி வீட்டில் தங்காமல் விட்டால் அது சின்ன விஷயமல்ல. கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்புவார்கள், செத்த வீட்டில் வாசலோடு நின்றுவிட்டுப் போவார்கள். இருபது வருடம் கழித்தும் யாராவது எடுத்துச் சொல்வார்கள். போகாமல் விட்டால் ஒருவருக்கும் நோகாது, மீனாம்பிகையைத் தவிர.

"விடேல்லை. நாகேஸோடை நான் கதைக்கிறன்."

"அவள் பிழையா எடுத்தால் பிறகு சொந்தமே இல்லாமல் போயிடும், மீனா."

"எடுத்தால் எடுக்கட்டும்," என்றாள். ஆனால் நம்பரை இரண்டு தரம் பிழையாக அழுத்தினாள். முப்பத்தொரு வருடம் எத்தனையோ பேருக்கு ஊசி போட்டபோதெல்லாம் தவறாத கை அது.

நாகேஸ்வரி எடுத்தவுடனேயே தொடங்கிவிட்டாள். கறிக்குச் சேவல் ஒன்று சொல்லி வைத்திருக்கிறாளாம், உள் அறையை ஒதுக்கியாகிவிட்டதாம். மீனாம்பிகை இடையில் மறித்தாள்.

"நாகேஸ், நான் சொல்லி முடியுமட்டும் கேளும். திங்கக்கிழமை வாறம். ஆனால் நான் உங்கடை வீட்டிலை தங்கேல்லை. ஜெறோம் வீட்டிலை அறை எடுத்திருக்கிறன். நமசிவாயத்தாற்றை காலையும் நான் பாக்கேல்லை, பிறசர் மெசினும் கொண்டு வரேல்லை. நாலு நாளைக்கு ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாமல் இருந்து பாக்கோணும் போலை இருக்கு. வேறை ஒண்டும் இல்லை. உமக்குக் கோவமெண்டால் அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது."

 மறுபக்கம் செருப்புச் சத்தமும் கதவொன்று சாத்துப்படுகிற சத்தமும் கேட்டன. கோபத்தில் போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள் என்றே மீனாம்பிகை நினைத்தாள். கனகலிங்கம் எதிரே இருந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள்," என்றாள் நாகேஸ்வரி. குரல் தாழ்ந்திருந்தது, வளவுக்குள் இறங்கி வந்து கதைக்கிறாள் போல. "அந்த அறையிலை எத்தினை கட்டில்?"

"ரெண்டு."

"அண்ணை இஞ்சை இவரோடை நிக்கட்டும். நான் அங்கை வரட்டே?"

மீனாம்பிகைக்கு உடனே விளங்கவில்லை.

"நான் இஞ்சை வந்து முப்பத்தெட்டு வருசம், மச்சாள். கடல் எங்கடை வேலியிலையிருந்து கூப்பிடு தூரம். ஒருநாளும் இருந்து பாக்கேல்லை. ஜெறோமின்ரை மனிசி வெளிநாட்டுப் பொம்பிளையளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுக்கிறதை றோட்டாலை போகக்கை காணுறனான். எனக்கும் ஒருத்தர் அப்பிடிக் கொண்டந்து தந்தால் எப்பிடி இருக்கும் எண்டு நினைப்பன். ஆனால் உள்ளூரிலை வீடு இருக்கிற நான் அங்கை போய் அறை கேட்டால் விசர் எண்டெல்லோ சொல்லுவினம். நீங்கள் வந்து நிக்கிறியள் எண்டால், மச்சாளோடை துணைக்குப் போனாள் எண்டு சொல்லலாம்."

மீனாம்பிகைக்கு வெட்கமாக இருந்தது. தன் நாலு நாளைத் தின்ன வந்தவள் என்று நேற்றிலிருந்து அவளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு விமானமும் இல்லை, ஒரு நயாகராவும் இல்லை. தன்னைவிட எட்டு வயது இளையவள் என்றாலும், அந்தத் தீவை விட்டு அவள் வந்ததெல்லாம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கும் செத்த வீடுகளுக்கும்தான். அந்த யன்னலோரம் தனியே இருக்கலாம் என்று நினைத்தது போய்விட்டதே என்று கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது. அதையும் மறைப்பதற்கில்லை. 

"வாரும்," என்றாள். "ஆனால் நானும் நீரும் ஒருத்தருக்கும் தேத்தண்ணி போடுறேல்லை."

"உங்களுக்குமோ?"

"எனக்கும் நீர் போடக்கூடாது."

நாகேஸ்வரி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இவர்ரை காலுக்கு ஆர் மருந்து கட்டுறது, மச்சாள்? நாலு நாள் விடேலாது. புண் சீழ் பிடிச்சிடும்." தானே சொல்லித் தானே பயந்து, "பிறகு பாப்பம், இன்னொருக்கால் வாறன்," என்று பின்வாங்கப் பார்த்தாள். இந்தப் பின்வாங்குதலை மீனாம்பிகை நன்றாக அறிவாள்.

"இன்னொருக்கால் வராது, நாகேஸ். உடுப்பை அடுக்கும். காலை என்னட்டை விடும்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

"என்னவாம், கோவமோ?" என்று கேட்டார் கனகலிங்கம்.

அவள் பதில் சொல்லாமல் அறைக்குள் போய், அலுமாரியிலிருந்து பன்டேஜ் சுருளும் கத்தரிக்கோலும் பஞ்சும் எடுத்து வந்தாள். மேசையிலிருந்த தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அவர் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இன்னொன்றில் இருந்தாள்.

"காலை நீட்டுங்கோ."

"எனக்குக் காலிலை ஒண்டுமில்லையே."

"நாகேஸ் நாலு நாளைக்கு என்னோடை அறையிலை. நீங்கள் நமசிவாயத்தாரோடை நிக்கிறியள். அந்தக் கால் உங்கடை பொறுப்பு. சமையலை ரெண்டு பேரும் பாத்துச் செய்யுங்கோ."

கனகலிங்கம் அவளைப் பார்த்தார்.  பென்சில் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. உடுத்திருந்த சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு வலது காலைக் கதிரையில் நீட்டினார்.

அவள் ஒருமுறை சுற்றிக் காட்டினாள். குதிக்கால், கணுக்கால், திரும்பப் பாதம், இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல். பிறகு முழுவதையும் அவிழ்த்துச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். இத்தனை வருடம் நேர்கோடு கீறிய கை. முதல் சுற்றே நழுவிப் பாதத்தில் தொங்கியது. அவர் நிமிர்ந்து, அவள் வாங்கிச் செய்து தருவாள் என்று எதிர்பார்த்தார்.

மீனாம்பிகை கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவிட்டுப்போட்டு இன்னொருக்காச் சுத்துங்கோ," என்றாள்.