கடிபட்ட பேட்டரிக்கு இழப்பீடு கேட்ட கதை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. பேட்டரி நிறுவனம் அனுப்பிய இழப்பீட்டுப் படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் பிறந்தது: "சாதனம் எவ்வாறு சேதமடைந்தது? சுருக்கமாக எழுதவும்."

சுருக்கமாகவா! டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ரூசே ஊர் ரயில் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம், ரயில்கள் ஏன் தாமதம் என்று மேலிடத்துக்குக் காரணம் எழுதியே ஓய்வுபெற்றவன் நான்.

முதல் தொடக்கம்: "பேட்டரியிலிருந்து ஒழுகிய திரவம் ரேடியோவைத் தின்று, மேசையைத் தின்று, தரையைத் துளைத்து, கீழ்வீட்டு திமித்ரினாவின் பிளம் ஜாமுக்குள்—"

[இந்த வரியை ஸ்தாங்கா பேனாவால் அடித்துவிட்டாள். ஸ்தாங்கா என் மனைவி. ரேடியோ அவளுடையது.]

"யோவ் கெழவா, கீழ்வீட்டுல ஆளே இல்ல. அவ ஜெர்மனிக்கு மககிட்ட போயி ஆறு வருஷமாச்சு."

"ஜாம் இருக்குமில்ல?"

"ஒழுங்கா எழுது. எனக்கு அந்த ரேடியோ பாடணும்."

2

இரண்டாவது தொடக்கம், கொஞ்சம் உண்மையானது. 1979இல் பழம் பதப்படுத்தும் ஆலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் ஸ்தாங்கா அந்த ரேடியோவை வாங்கினாள். அலைவரிசைத் தட்டில் பக்கத்து நாட்டு புக்கரெஸ்ட் வானொலி வரும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். சாயங்காலமானால் அக்கரையிலிருந்து டேங்கோ இசை, கடவுச்சீட்டு இல்லாமலே எல்லையான டான்யூப் ஆற்றைத் தாண்டி எங்கள் சமையலறைக்கு வரும். நான் வேலை முடிந்து வரும்போது கரண்டியோடு ஆடிக்கொண்டிருப்பாள்.* நான் வந்தது தெரிந்தும் நிறுத்தமாட்டாள். இரண்டாவது பாட்டுக்கு என்னையும் இழுப்பாள்.

* கரண்டி இல்லை, துடைப்பம். கரண்டி என்றால் அழகாக இருக்கிறது.

3

நான்காவது கட்டம்: "பேட்டரிகள் அறிவுறுத்தலின்படி பயன்படுத்தப்பட்டனவா?"

இங்கேதான் கதாநாயகன் மீது எனக்குச் சந்தேகம் வருகிறது. கதாநாயகன் நான்தான். அந்தக் காலத்தில் பேட்டரி இளைத்தால் பல்லால் கடிப்போம். இன்னும் இரண்டு நாள் பாடும். ஊரே கடித்தது. போன குளிர்காலத்தில் நானும் பழக்கதோஷத்தில் கடித்துவைத்தேன், புதுப் பல்செட்டால். பேட்டரி ஒழுகி, ரேடியோவின் ஸ்பிரிங்குகள் பச்சையாகப் பூத்துவிட்டன; பாட்டு நின்றது. பேட்டரிகளை எடுக்காமல் ரேடியோவை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பவேண்டுமாம். நான்கிலும் பல்தடம்!

"எலி கடிச்சதுன்னு எழுதிடவா?"

"எந்த எலிக்குய்யா பல்செட்டு இருக்கு?"

சிரித்துக்கொண்டே படிவத்தின் அடியிலிருந்த பொடி எழுத்துகளுக்குக் கண்ணாடியை இறக்கினாள். "பழுதுபார்க்க முடியாவிட்டால் புதிய சாதனம் வழங்கப்படும். பழையது திருப்பித் தரப்படாது." சிரிப்பு நின்றது.

4

நான் எழுதிப்பார்த்த முடிவுகள்:

அ) பல்தடத்தைப் பார்த்து நிறுவனமே விழுந்து விழுந்து சிரித்து, ரேடியோவைச் சரிசெய்து, ஒரு வாத்தியக் கோஷ்டியோடு—

ஆ) பளபளவென்று புது ரேடியோ வருகிறது. அதை ஸ்தாங்கா—

இ) கடித்தது உங்கள் தவறு என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஊமையாக வந்து அலமாரியில் உட்கார்கிறது.

நடந்தது இவ்வளவுதான். கடித்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டு, தபால் நிலையத்துக்குப் போனோம்.

"குடுங்கம்மா, வண்டி கெளம்பப்போகுது" என்றாள் கவுன்ட்டர் பெண்.

ஸ்தாங்கா பார்சலை நீட்டினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

"நீ சொல்லு. அனுப்பவா?"

நான் பார்சல் நூலின் முடிச்சைச் சரிபார்த்தேன். பிறகு அவளே அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. எழுதமாட்டேன். என் கைபட்டால் எதுவும் ஒன்றுக்கு மூன்றாகிவிடும்; இந்த ஒரு வாக்கியம் அவள் சொன்ன அளவிலேயே இருக்கட்டும்.

வெளியே வண்டி உறுமுகிறது. அவள் கை இன்னும் பார்சலின் மேல்தான் இருக்கிறது. அனுப்பவா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள்.