ஓய்வு நாள் அளவு

நாயின் தட்டை அவள் இரண்டாவது தடவையாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள். கணவனின் அக்கா. அறுபத்தெட்டு வயதில் உடம்பெல்லாம் வலி; கோபத்துக்கு மட்டும் எந்த வலியும் கிடையாது.

“கூடத்துல என் தம்பி கிடக்கிறான். நீ இங்க நாய்த் தட்டு விளக்குற.”

“எறும்பு வரும், அண்ணி.”

“வரட்டும். இனிமே அதுல யார் திங்கப் போறா? நாய் பிடிக்கிற வண்டிக்கு உன் பையன் போன் பண்ணிட்டான். நாலு மணிக்குத் தம்பியை எடுக்கிறதுக்குள்ள அது போகணும். கொன்னதும் செத்ததும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது.”

பின்வாசலில் கட்டியிருந்த நாய் காதை மட்டும் நிமிர்த்தியது. ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, பழுப்பு நிறப் பெட்டை. அவர் அதைக் ‘கண்ணு’ என்பார். அவள் ‘சக்களத்தி’ என்பாள். பதினொரு மாதமாக அந்த வீட்டில் கடிகாரம் ஓடியதே சக்களத்திக்காகத்தான்.

ஃபிரிட்ஜ் கதவில் அவர் கைப்பட எழுதிய அட்டவணை ஒட்டியிருந்தது. முதல் வாரம் நடை மட்டும், ஒன்றரைக் கிலோமீட்டர். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. தார் ரோடு ஆகாது, மண் பாதை. ஓடி முடித்து ஒரு மணி நேரம் கழித்து இரண்டரைக் கப் சாப்பாடு. ஓய்வு நாளில் பாதி. எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்பு மையில்: ‘சாப்பிட்ட பின் மூன்று மணி நேரம் ஓட்டம் கூடாது. வயிறு முறுக்கிக்கொள்ளும்.’ அந்தத் தாளை ஒரு நாளும் படித்ததில்லை என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லுவாள்.

நேற்று மாலை அவள் கேட்டது ஒன்றே ஒன்று. காலையில் கண் ஆஸ்பத்திரிக்கு அவர் கூட வர வேண்டும். சொட்டு மருந்து விட்டால் நாலு மணி நேரத்துக்கு எதிரில் இருப்பது தெரியாது.

“நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நாள். அடுத்த ஞாயிறு நாய்ப் பந்தயம். ஒரு நாள் விட்டாலும் ஒரு வாரம் பின்னால போயிடும். நீ டாக்சி பிடிச்சுப் போயேன்.”

“கண்ணு தெரியாமயா?”

“டிரைவருக்குத் தெரியுமில்ல?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்தாள். ஒரு சட்டிச் சோற்றையும் மீந்த கறியையும் பிசைந்து சக்களத்தியின் முன் வைத்தாள். அவர் கயிற்றோடு வந்து நிற்கும்போது காலித் தட்டைக் காட்ட வேண்டும். அவர் போட்ட விதிதானே, எட்டு மணி வரை வீட்டில் உட்காரட்டும். அந்த முகத்தைப் பார்ப்பதற்கு முன் குளித்துவிடலாம் என்று போனாள். வெளியே வந்தபோது, நாயை ஓட்டப் பழக்க அவர் எடுத்துப் போகும் சைக்கிளும் இல்லை, நாயும் இல்லை. காப்பி தொடப்படாமல் ஆடை கட்டியிருந்தது. மறுபடி சண்டை வேண்டாம் என்று மனிதர் பின்வாசல் வழியாக நழுவியிருந்தார்.

போகட்டும், பாதி வழியில் அது கக்கினால் தன்னால் தெரியும் என்று நினைத்தபடி அவள் தலையைத் துவட்டினாள்.

ஏழு மணிக்கு மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். அவர் தெருமுனையில் விழுந்து கிடந்தாராம். நாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாம். கயிறு இன்னும் அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. நாய்தான் இழுத்துத் தள்ளிவிட்டது என்று தெருவே சொன்னது. அவள் அதை மறுக்கவில்லை.

இரண்டு மணி வாக்கில் ரொட்டிக்காரர் தன் வண்டியிலிருந்து ஒரு சைக்கிளை இறக்கினார்.

“சாரோடதுதானே? பழைய ரயில் கேட்டுப் பக்கத்துல ஸ்டாண்டு போட்டுப் பூட்டி நின்னுது. அதான் ஏத்திட்டு வந்தேன்.”

பையன் எழுந்து வந்தான். “அவர் விழுந்தது இங்க முனையில இல்ல?”

“அது அப்புறம், தம்பி. அங்க வச்சு நாய் வாந்தி எடுத்தது. வயிறு உப்பி நின்னுது. சார் வெலவெலத்துப் போயிட்டார். முறுக்கிக்கிச்சு, இனிமே இது ஒரு அடி நடக்கக் கூடாதுன்னு தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டார். அஞ்சு நிமிஷம் நில்லுங்க சார், இந்தக் கடைக்கு இறக்கிட்டு வண்டியில கூட்டிப் போறேன்னேன். நிக்கல.” அவர் சைக்கிள் சீட்டைக் கையால் துடைத்தார். “ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்.”

“முப்பது கிலோ நாய்,” என்றான் பையன்.

“அப்ப இழுத்துக் கொல்லல. ஏறி உக்காந்து கொன்னிருக்கு,” என்றாள் அண்ணி. “வேற என்ன வித்தியாசம்?”

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஆறு வருடம் முன்பு அவள் மாடிப்படியில் கால் பிசகி விழுந்தபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வா என்று சொன்ன மனிதர் இவர். கூடத்தில் வெள்ளைத் துணிக்கு அடியில் மேடாகத் தெரிந்த அந்தத் தோளை அவள் முறைத்துப் பார்த்தாள். முறைக்க முறைக்க, காலையில் பிசைந்த கறியின் வாசனை கையிலிருந்து வந்தது.

நாய் வண்டி மூன்றரைக்கு வந்தது. ஒருவன் கம்பி வளையம் மாட்டிய கழியோடு பின்வாசலுக்குப் போனான். சக்களத்தி எழுந்து வாலாட்டியது. கழுத்தில் கயிறு விழுந்தால் ஓட்டம் என்று பழகிய பிராணி, வளையத்துக்குள் தானே தலையை நீட்டியது.

“விடு அதை,” என்றாள் அவள்.

“நீ சும்மா இரு,” என்றாள் அண்ணி. “நீதானே இத்தனை நாளா இதைக் கரிச்சுக் கொட்டின? இன்னிக்கு என்ன புதுசா உருகுற?”

“காலையில அஞ்சு மணிக்கு நான் அதுக்குச் சோறு போட்டேன்.”

“போட்ட. அந்த நன்றிகூட அதுக்கு இல்லங்கிறதைத்தானே நானும் சொல்றேன்.”

“வயிறு முட்டப் போட்டேன், அண்ணி. வேணும்னேதான் போட்டேன்.”

“சரி, மகராசி. தள்ளு.”

பையன் சமையலறைக்குள் போனான். அட்டவணையை மேலிருந்து கீழே படித்தான். சிவப்பு எழுத்தில் வெகு நேரம் நின்றான். பிறகு வெளியே வந்து கழிக்காரனைப் போகச் சொன்னான். அண்ணி கத்தியது அவன் காதில் ஏறவில்லை. திரும்பிப் போய் அந்தத் தாளைக் கிழியாமல் பிரித்தெடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“இதை இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க,” என்றான்.

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவளை ‘நீ’ என்றே கூப்பிட்ட பிள்ளை.

எல்லாம் முடிந்து திரும்பியபோது ஆறு மணி. அண்ணி கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பையன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் நடையில் சாய்ந்து நின்றது. சாவி எங்கே என்று யாரும் தேடவில்லை.

ஃபிரிட்ஜ் கதவில் தாள் இருந்த இடம் மட்டும் வெளுத்து, சதுரமாகத் தெரிந்தது. அவள் தகர டப்பாவைத் திறந்தாள். முதல் கப்பை அள்ளிக் கத்தியின் முதுகால் தலை தட்டித் தட்டில் போட்டாள். இரண்டாவது கப். மூன்றாவதில் பாதி. நாய் எழுந்து நின்றது.

தட்டைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, தட்டிலிருந்ததில் சரிபாதியை மறுபடி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.