மிதிபடாத மூலை

அந்தப் புல்லுக்கு உழவு வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணீர்கூடப் பேருக்குத்தான். ஆனால் மிதிக்க வேண்டும். உமி போன்ற விதையைக் காய்ந்த மண்ணில் தூவி, வெறுங்காலால் அழுத்திவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும். மிதிபடாத விதை காற்றோடு போய்விடும்.

அவள் வீட்டுக்காரர் இடது காலை இழுத்து இழுத்து நடப்பவர். அந்தக் காலோடு பொட்டல் முழுக்க அவரே மிதித்தார். ஒரு மூலைதான் பாக்கி. “அதை ரெண்டு பேருமா மிதிச்சிடலாம், வாயேன்” என்று சமையலறைப் படியருகே வந்து கெஞ்சினார். அவளுக்கு அன்றைக்கு என்ன கோபமோ, “செத்தாலும் அந்தப் பொட்டல்ல கால் வைக்க மாட்டேன், போங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். பாவி, வாயில் வேறு வார்த்தையே வரவில்லையா? மனிதர் மூலைக்குப் போனதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உயிர் போன உடம்பைத்தான் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம் இரண்டு வருஷம் மழை எட்டிப் பார்க்கவில்லை. போதுமடா சாமி என்று அவள் தம்பி வீட்டுக்குக் கிளம்பச் சம்மதித்த வாரத்தில் கொட்டு கொட்டென்று கொட்டியது.

தம்பி வேனோடு வந்த காலையில் பொட்டல் பச்சை பிடித்திருந்தது. பாதம் பாதமாக. வலது கால் முழுசாக. இடது காலுக்குப் பெருவிரலும் ஒரு கோடும்.

“மாமா நடை அப்படியே இருக்குக்கா” என்றான் தம்பி, கண் கலங்க. அடுத்த நொடி முகம் வெளிறியது. “அக்கா... அவரைத் தூக்கிட்டுத்தானே வந்தோம்? அப்ப மூலையிலேர்ந்து திரும்பி நடந்து வந்தது யாரு?”

ஒரு வரிசை மூலையிலிருந்து வீட்டைப் பார்த்து வந்திருந்தது. யாரும் விதைக்காத கொல்லையைத் தாண்டி, சமையலறைப் படிக்குக் கீழே இரண்டு பாதமும் கதவைப் பார்த்து நின்றன. அங்கே புல் அடர்ந்திருந்தது.

“ஏறுக்கா வண்டியில! இங்க ஒரு நிமிஷம் இருக்க வேண்டாம்.”

“இருடா. கூப்பிட வந்த மனுஷன் எத்தனை நாளா நிக்கிறாரோ.”

செருப்பைக் கழற்றிவிட்டுப் பொட்டலில் இறங்கினாள். மூலையில் வேலிக்கம்பியில் விதைப்பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை அள்ளித் தூவினாள். காலை ஊன்றி அழுத்தினாள்.

பக்கத்தில் ஈரமண் தானாக அமுங்கியது. வலது பாதம், முழுசாக. பிறகு ஒரு பெருவிரல், ஒரு கோடு.

தம்பி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அலறினான். அவள் திரும்பவே இல்லை.

“மெதுவாப் போங்க” என்றாள். “அதான் வந்துட்டேன்ல.”