பதினாலாயிரம் கிலோமீட்டர், ஆறு மணி நேரம்

1

இந்தக் கதை அனுபவத்தில் பிறந்ததல்ல, சோம்பலில் பிறந்தது. தொலைதூர நாட்டிலிருந்து ஒரு கணவன் வீடு திரும்பவேண்டும். விமானமே ஏறாத நான் இணையத்தில் தேடினேன். தூரம் பதினாலாயிரம் கிலோமீட்டர். புறப்பாடு பகல் ஒன்று, வருகை இரவு ஏழு. ஏழில் ஒன்று போனால் ஆறு. இதற்கெல்லாம் உலக ஞானம் எதற்கு?

2

முதல் தொடக்கம்: கண்டங்களின் கண்ணீரைக் கடந்து ஓர் உலோகப் பறவை... (வேண்டாம். எனக்கே கூசுகிறது.)

இரண்டாவது: அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவள். "இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று கேட்டே பொழுது போகும். பகல் ஒரு மணிக்குக் கணவன் போனில் கூப்பிட்டான்.

"போர்டிங் ஆரம்பிச்சுட்டாங்க. வைக்கிறேன்."

"பத்திரமா வாங்க. எனக்குக் கடையில இன்னைக்குதான் கடைசி நாள். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டேன்."

"டைரக்டர் பொண்டாட்டி கடையில நிக்கலாமா? அடுத்த மாசம் நீயும் என்கூட அங்கதான்."

நாலு வருடமாக அவன் அங்கே டைரக்டர். எதற்கு டைரக்டர் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இரவு ஏழுக்கு அழைப்புமணி அடித்தது.

3

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் நீட்டினேன்.

"ஏங்க, உங்க ஆளு அவ்வளவு தூரத்தை ஆறு மணி நேரத்துல வந்துட்டாரா? யாராவது தூக்கி எறிஞ்சாங்களா?"

"அட்டவணையிலயே அப்படித்தான் இருக்கு."

"அது அந்தந்த ஊர் நேரம், வந்து சேர்றது மறுநாள். பறக்கறது பதினாறு மணி நேரம், மேதாவி!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையில் அவன் கூப்பிட்ட 'பகல் ஒரு மணி'யை 'விடிகாலை மூன்று மணி' ஆக்கினால் தீர்ந்தது. பேனாவை எடுத்தேன்.

அதற்குள் கதைக்குள் இருப்பவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

4

அவன் பெட்டியை உள்ளே வைத்தான். விமானத்தில் ஏற்றிய பெட்டிக்கான சீட்டு எதுவும் அதில் ஒட்டியிருக்கவில்லை. (ஒட்ட மறந்தது நான். சத்தியமாக நான்தான்.*)

"பதினாறு மணி நேரம்! உக்காந்து உக்காந்து முதுகே போச்சு."

"பதினாறா?" அவள் கடிகாரத்தைக் காட்டினாள். "மத்தியானம் ஒரு மணிக்குத்தானே ஏறுனீங்க?"

(இங்கே அவனுக்கு ஒரு வசனம் வேண்டும். பின்காற்று? பூமி சுற்றும் வேகம்?) அவன் மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"அவரைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. நாலு வருஷமா எங்க இருந்தீங்க?"

* அந்த ஊரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதையும் இப்போதுதான் கவனிக்கிறேன். எனக்கு அந்த ஊர் தெரியாது. அவனுக்கும் தெரியாது போலிருக்கிறது.

5

நான் எழுதவந்தது, கணவன் வீடு திரும்பும் இனிய கதை. 'பகல் ஒரு மணி'யை அடித்து 'விடிகாலை மூன்று மணி' என்று எழுதினேன். குடும்பம் பிழைத்துப் போகட்டும்.

அவள் அசையவில்லை. கேள்வியும் அப்படியே நிற்கிறது. என் தாளில் அடித்துவிட்டேன், சரி. நீங்கள்தான் படித்துத் தொலைத்துவிட்டீர்களே.

அவன் இப்போது உங்களைப் பார்க்கிறான்.