கன்னி மூலைத் தண்ணீர்

பச்சமுத்துவின் நிலத்தில் வடகிழக்கே, ஈசானிய மூலையில், இரண்டு போர் போட்டாகிவிட்டது. இரண்டிலும் வந்தது புழுதிதான். மூன்றாவதையும் அதே மூலையில்தான் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் மனிதர். வாஸ்து அப்படிச் சொல்கிறதாம்! வாஸ்து சொன்னால் போதுமா, பூமி கேட்க வேண்டாமா என்று மருமகள் செந்தமிழ்ச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜியாலஜி படித்தவள் அவள். இந்த முறையும் தவறினால் மாடுகளை விற்றுவிட்டுத் திருப்பூருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று அவள் கணவன் இளவரசன் சொல்லிவிட்டான்.

"மாமா, தென்மேக்கால, கன்னி மூலையில போடலாங்க."

பச்சமுத்து துண்டை உதறினார். "அங்க பள்ளம் தோண்டுனா வூடு வெளங்குமா? இன்னா பேச்சு பேசற?"

நிலத்தின் குறுக்கே தலைநீட்டிக்கொண்டிருந்த கரும்பாறை வரிசைக்கு அவரை விடாமல் கூட்டிப்போனாள். "இது நெருப்புக் குழம்பா வெடிப்பு வழியா ஏறி, வெளிய வராமலே ஒறைஞ்ச கல்லுங்க. அடியில சுவராட்டம் எறங்கி நிக்குது. மேக்கால கல்வராயன் மலையில பெய்யற மழ பூமிக்குள்ள கெழக்கப் பாத்து வந்துகினு இருக்குது. ஏரிக்கரைக்கு எந்தப் பக்கம் தண்ணி நிக்கும்? நாம ரெண்டு தடவையும் கரைக்கு வெளிய தோண்டிட்டோம்."

ஏரித் தண்ணீரில் பயிர் வைத்து வளர்ந்தவருக்கு அது சட்டென்று புரிந்தது. மூலைதான் தொண்டையில் நின்றது. "வரலன்னா?"

"அப்புறம் இந்த நெலத்தப் பத்தி வாயே தொறக்க மாட்டேங்க."

மறுநாள் காலை சர்புதீனின் போர் வண்டி கன்னி மூலையில் நின்றது. அரை மனதாகச் சம்மதித்திருந்த பச்சமுத்து வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நூறு அடி, புழுதி. இருநூறு அடி, அதே புழுதி. வேடிக்கை பார்க்க வந்த காசியம்மாள் உச்சுக் கொட்டினாள்.

"நிறுத்திடலாமா, தங்கச்சி?" என்றார் சர்புதீன்.

செல்வி குழியில் வந்த பொடியை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தாள். கறுப்பாக இருந்தால் சுவரிலேயே இறங்கிவிட்டார்கள் என்று அர்த்தம், தோல்விதான். பொடி சாம்பல் நிறத்தில் இருந்தது. "இன்னும் கரைக்கு உள்பக்கம்தான் இருக்கோம். ஓட்டுங்கண்ணே!"

இருநூற்று அறுபதில் பொடி பிசுபிசுத்தது. இருநூற்றுத் தொண்ணூறில் ராடு குலுங்கி, குழியிலிருந்து தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடித்தது. சர்புதீன் விசிலடித்தார். செல்வி நனைந்துகொண்டே சிரித்தாள், அழுதாள், அவளுக்கே எது எதுவென்று தெரியவில்லை. வென்றுவிட்டாள், அவ்வளவுதான்.

பச்சமுத்து சேற்றில் வழுக்கி எழுந்து ஓடிவந்து, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்திக் குடித்தார்.

"அண்ணே, எங்க காட்டுல எந்த மூலையில போடலாம்?" என்று கேட்டாள் காசியம்மாள்.

"மூலையாவது ஒண்ணாவது!" என்றார் அவர், மீசையில் தண்ணீர் சொட்ட. "எங்க மருமவளக் கூப்டுகினு போ. கல்லப் பாத்து சொல்லும்."